கொடியில் தொங்கிய ஞாயிறு

அத்தியாயம் 5

"ஜட்டிதான்," என்றான் டொர்மட்.

பூதக்கண்ணாடியைப் போட்டோவை விட்டு எடுக்காமலே மறுபடியும் சொன்னான். "அஞ்சு ஜட்டி. வெள்ளை. நல்ல அகலம். குடும்பத்துல யாரும் டயட் இருக்கறதாத் தெரியலை."

"கோட்டையைப் பாருடான்னா நீ எதைப் பாக்கறே?"

"கோட்டை எங்கேயும் போகாது மேடம். இருநூறு வருஷமா இடிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. இந்தக் கேஸே இப்ப ஜட்டியிலதான் தொங்குது."

மர்டினா நிக்கல்சன் போட்டோவை எட்டிப் பார்த்தாள். அவன் சொன்னது உண்மை. உண்மையை அவன் எப்போதும் இப்படித்தான் சொல்வான்.

மலையோரத்தில் நின்ற வேனைக் கடல்காற்று தொட்டில் போல ஆட்டிக்கொண்டிருந்தது. மர்டினா ஒரு காலத்தில் ஸ்டார்னவே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். லூயிஸ் தீவு மொத்தமும் பேசியதைக் காதில் வாங்கி, ஒரு வார்த்தைகூட வெளியே விடாமல் ரிட்டயர் ஆனவள். ஆன மறுவாரமே பேக்கரிக்கு மேல் மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். பக்கத்துக் கடை டொர்மட்டின் போட்டோ ஸ்டூடியோ. கல்யாண சீசன் இல்லாத நாட்களில் அவன்தான் அவளுக்கு டிரைவர், கேமராக்காரன், அப்புறம் யாரும் கேட்காமலே பேசுகிற வாய்.

"கான்ஸ்டபிள் ரான்கின் சொன்னதைத் திரும்பச் சொல்லு," என்றாள் மர்டினா.

"எந்தக் குரல்ல? அவர் கிளாஸ்கோ குரல்லயா, என் குரல்லயா?"

"டொர்மட்."

"சரி, சரி. கிரிமல் கோட்டை வாசல்ல படகு செதுக்கின கல்லு ஒண்ணு. பழைய குலத்தலைவர்களோட சின்னம். திங்கட்கிழமை காலையில பாத்தா கல்லு இல்லை, ஓட்டைதான் இருக்கு. எஸ்டேட் மேனேஜர் கிராம்ப்டன் வந்து, 'சனிக்கிழமை சாயந்திரமே அந்த ஓட்டையைப் பாத்தேன், காவல்காரப் பையன் காலம்ங்கறவன் அங்கே டிராக்டரோட நின்னான்'ங்கறார். காலம் உள்ளே. இன்னிக்கு மத்தியான பஸ்ல ஸ்டார்னவே கோர்ட்டுக்கு. வர்ற வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். இருந்தது. மாமியார் நிறுத்திட்டாங்க."

"நம்ம பக்கம்?"

"நம்ம பக்கம் இந்த போட்டோ. ஹாலந்துல இருந்து வந்த டீச்சரம்மா எடுத்தது. என் கடையிலதான் கழுவினேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் எடுத்தேன்னு சொல்லிட்டு அந்தம்மா ஊருக்குப் போயிட்டாங்க. இதுல கல்லு ஜம்முனு வாசல்ல இருக்கு. ஞாயித்துக்கிழமை கல்லு இருந்தா சனிக்கிழமை காலம் எப்படித் திருடினான்? கேஸ் குளோஸ். ஆனா ரான்கின் விரலை வெச்சார் பாருங்க, நேரா இந்த ஜட்டி மேல." டொர்மட் தொண்டையைச் செருமி கிளாஸ்கோக்காரன் ஆனான். "'ஏம்ப்பா, ஸ்கெலபோஸ்ட்ல ஞாயித்துக்கிழமை துணி காயுதா? அந்தம்மா லீவுல வந்தவங்க. லீவுல வந்தவங்களுக்கு எல்லா நாளும் ஞாயிறுதான்.'"

ரான்கின் சொன்னதில் நியாயம் இருந்தது. ஸ்கெலபோஸ்ட் கிராமத்தில் ஞாயிறு கர்த்தரின் ஓய்வு நாள்; அன்றைக்கு வேலை செய்வது பாவம், சேவல்கூட யோசித்துவிட்டுத்தான் கூவும். துணி காயப்போடுவதாவது!

"ஒண்ணு, இது ஞாயித்துக்கிழமை எடுத்ததில்லை," என்றாள் மர்டினா. "இல்லேன்னா யாரோ ஞாயித்துக்கிழமை துணி போட்டிருக்காங்க. ரெண்டாவதை ஒத்துக்கறதுக்கு இந்த ஊர்ல ஒரு பொம்பளை கிடைப்பாளா?"

"கொலை பண்ணினேன்னு ஒத்துக்கற ஆளைத் தேடறது சுலபம் மேடம்."

"இறங்கு. அந்தம்மா நின்ன இடத்துலயே நின்னு நீயும் ஒரு போட்டோ எடு."

*

கோட்டை என்று மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறையின் மேல் ஒன்றரைச் சுவர், பாதி கோபுரம், ஒரு வளைவு வாசல். வாசலின் நெற்றியில் பல் பிடுங்கியது போல ஒரு புது ஓட்டை. ஓட்டைக்குள் கற்கள் வெளுப்பாக, காற்றுப் படாத நிறத்தில் இருந்தன.

டொர்மட் பழைய போட்டோவை ஒரு கையிலும் கேமராவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நண்டு போலப் பக்கவாட்டில் நடந்தான். கோபுர ஜன்னலுக்குள் வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் புகைக்கூண்டு சரியாக வந்து உட்கார வேண்டும். அதுதான் கணக்கு. இன்னும் கொஞ்சம் இடது. சுவர் ஏறி, கொஞ்சம் மேலே...

"ஐயோ!"

சுவர்ப் பொந்தில் உட்கார்ந்திருந்த கடற்பறவை ஒன்று, தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் மேல் வயிற்றில் இருந்த எண்ணெயை எல்லாம் கக்கியது.

"கோட்டு போச்சு மேடம்! பத்து தடவை துவைச்சாலும் இந்த நாத்தம் போகாது!"

"கேமராவுல படலையே?"

"என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன்னைத் துவைச்சுடலாம். கேமராவைத் துவைக்க முடியாது. இடம் சரியா வந்துச்சா?"

வந்தது. ஜன்னலுக்குள் புகைக்கூண்டு. அதன் வலப்புறம் இரண்டு வீடுகள், அடுத்தடுத்து, நடுவில் ஒரு கம்பம். கம்பத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் கொடிக்கயிறு; இவ்வளவு தூரத்திலிருந்து இரண்டும் ஒரே கயிறாகத் தெரிந்தன. டொர்மட் நீள லென்ஸைத் திருகிப் போட்டுப் பார்த்தான்.

"அந்த ரெண்டு வீட்ல ஒண்ணுதான். இடப்பக்கம் பெகி. வலப்பக்கம்..." அவன் குரல் இறங்கியது. "மேடம், வலப்பக்கம் கென்னத்தினா. காலமோட மாமியார்."

"ஆகவேண்டிய மாமியார்."

"ஆகமாட்டேன்னு சொல்லிட்ட மாமியார். ஊர்லயே கண்டிப்பான பொம்பளை. அவங்க கிட்டப் போய், 'அம்மா, இது உங்க ஜட்டியா'ன்னு நான் கேக்கமாட்டேன். என் சம்பளத்துல அது அடங்காது."

மர்டினா லென்ஸை வாங்கிப் பார்த்தாள். பிறகு பழைய போட்டோவைப் பார்த்தாள். மறுபடி லென்ஸ். மறுபடி போட்டோ.

"கொடிக்குக் கீழே புல்லுல மூணு கல்லு இருக்கே, போட்டோவுல. பாத்தியா?"

"வரிசையா. ஆமா, சாம்பல் நிறம். அதுக்கென்ன?"

"இப்பப் பாரு."

பார்த்தான். கொடி இருந்தது. புல் இருந்தது. கற்கள் இல்லை.

"கோட்டைக் கல்லு ஒண்ணு காணோம்னு வந்தோம். இப்ப இன்னும் மூணு. இந்த ஊர்ல யாரோ கல்லு தின்னறாங்க மேடம்."

*

பெகி கதவைத் திறந்ததும் முதலில் டொர்மட்டின் கோட்டு நாற்றத்தை மோந்தாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். மெலிந்த, சுறுசுறுப்பான கிழவி. ஜன்னல் திரைச்சீலையின் ஓரம் மட்டும் கைபட்டுக் கைபட்டு அழுக்கேறி இருந்ததை மர்டினா பார்த்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க கொடியில துணி தொங்குச்சாம்மா?"

"என் கொடியிலயா? என்ன பேச்சு பேசறே? எந்த வீட்டுப் பொண்ணு நீ?"

"அப்ப பக்கத்துக் கொடியில?"

பெகி பக்கத்து வீட்டை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருஷத்துப் பகை அந்தப் பார்வையில் இருந்தது. "அவளுக்கும் எனக்கும் ஆகாது. ஒரு தடவை என் கரித்துணி ஒண்ணு மறந்து போய் ஞாயித்துக்கிழமை கொடியில கிடந்துச்சு. 'கிடக்க விட்டாலும் பாவம் பாவம்தான்'னு சர்ச் பெரியவங்க கிட்டப் போய்ச் சொல்லிட்டு வந்தா. ஆனாலும் பொய் சொல்லி என் நாக்கை அழுக்காக்கிக்க மாட்டேன். அவ கொடியில *துணி* தொங்கலை."

கதவு சாத்திக்கொண்டது.

"போச்சு," என்றான் டொர்மட். "எதிரியே சர்டிபிகேட் குடுத்துட்டாங்க."

"துணி தொங்கலைங்கறதை எப்படிச் சொன்னாங்க, கவனிச்சியா?"

"வாயாலதான்."

"துணியை மட்டும் அழுத்திச் சொன்னாங்கடா." முப்பது வருஷம் ஹெட்போன் மாட்டிய காது அது. "ஏன் அழுத்தணும்?"

*

கென்னத்தினா கேள்வியை முழுக்கக் கேட்டாள். வாட்டசாட்டமான உடம்பு, கறுப்புக் கவுன், இறுக்கிய கொண்டை. கேட்டு முடித்ததும் வீடு பெருக்கிக்கொண்டிருந்த விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்தாள்.

"என் வீட்டு வாசல்ல நின்னு, என் உள்பாவாடை சமாச்சாரமா கேக்கறே? ஞாயித்துக்கிழமையா? நானா? வெளியே போங்க ரெண்டு பேரும்!"

"நாங்க வெளியேதான் நிக்கறோம்மா," என்றான் டொர்மட்.

"அப்ப இன்னும் வெளியே போ!"

அந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. லூயிஸ் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அறையும். கென்னத்தினா விளக்குமாற்றோடு நின்றாள். கோபம் ஒரு பக்கம். நனைகிற மனுஷரைச் சாப்பாட்டு வேளையில் வாசலோடு அனுப்பினாள் என்று ஊர் சொல்லுமே என்ற பயம் ஒரு பக்கம். பயம் ஜெயித்தது.

"உள்ளே வாங்க. சாப்பிட்டுட்டுப் போங்க. ஆனா பேசக்கூடாது. உன் கோட்டை வெளியிலயே மாட்டு. செத்த பறவை மாதிரி நாறுது."

"உயிரோட இருக்கற பறவைதாம்மா. அதான் பிரச்சினை."

அடுப்படி வெதுவெதுப்பாக இருந்தது. ஓரத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கவில்லை. மூக்கு சிவந்து, கண் வீங்கி இருந்தது. டோலினா. கல்யாணப் பெண். மேஜையில் ஆவி பறக்கும் கிழங்கும், நெடி மூக்கைத் துளைக்கிற மீனும்.

"ஜெபம்," என்றாள் கென்னத்தினா. எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள்.

கென்னத்தினாவின் ஜெபம் சுருக்கமானதல்ல. உணவுக்கு நன்றி சொல்லி, ராஜ்ஜியத்துக்கு மன்னிப்புக் கேட்டு, கடலில் போனவர்களைத் தொட்டு, 'எங்கள் வாசலில் வந்து எங்களை நிந்திப்பவர்களையும்' என்று அவள் இவர்கள் பக்கம் திரும்பியபோது டொர்மட் தாங்க முடியாமல் ஒரு கண்ணைத் திறந்தான்.

திறந்த கண் மூடவில்லை.

ஜன்னலோர உத்தரத்துக் கொக்கியில் அகலமான, வெள்ளையான, முக்கோணமான ஏதோ ஒன்று தொங்கியது. அதற்கு நேர் கீழே தரையில் மூன்று சாம்பல் பூனைகள் வரிசையாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. அசையவில்லை. கல் மாதிரி.

கல் மாதிரி!

"மேடம்! ஜட்டி இல்லை! *திருக்கை!*"

"ஆமென்," என்று கென்னத்தினா பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். "ஜெபத்துக்கு நடுவுலயா கத்துவே?"

டொர்மட்டுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. போட்டோவை எடுத்து மேஜையில், மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "பாருங்கம்மா. கொடியில அஞ்சு முக்கோணம். கீழே மூணு கல்லு. கல்லு இல்லை, பூனை! எந்த ஊர்லயாவது பூனை உக்காந்து ஜட்டிக்குக் காவல் இருக்குமா? இது கருவாடு! திருக்கைக் கருவாடு காயுது!"

கென்னத்தினா போட்டோவைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறியது.

"ஆமா. என் திருக்கைதான். அதுக்கென்ன? துணி தொங்குச்சான்னு கேட்டீங்க. துணியா தொங்குச்சு?"

"எப்பப் போட்டீங்கம்மா?" மர்டினா மெதுவாகக் கேட்டாள். டெலிபோனில் நம்பர் கேட்கிற அதே குரல்.

"சனிக்கிழமை விளக்கு வெச்ச பிறகு. படகு வந்ததே அப்பத்தான். ராத்திரி பன்னெண்டு அடிக்கறதுக்குள்ள மாட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை நான் தொடக்கூட இல்லை! திங்கட்கிழமை காலையில எடுத்தேன்."

டோலினாவின் கையிலிருந்த கத்தி நின்றது.

"அப்ப வெளிச்சத்துல உங்க கொடியில அது தொங்கினது ஒரே ஒரு பகல்," என்றாள் மர்டினா. "ஞாயித்துக்கிழமை பகல். திங்கட்கிழமை விடியும்போதே கல்லைக் காணோம். இந்த போட்டோவுல கல்லு இருக்கு, வெயில் இருக்கு, உங்க திருக்கையும் இருக்கு. ஹாலந்துக்காரம்மா சொன்னது சரி. காலம் திருடலை."

"அம்மா," என்றாள் டோலினா. அவ்வளவுதான் சொன்னாள்.

கென்னத்தினா நாற்காலியில் உட்கார்ந்தாள். "ரான்கின் கிட்டப் போய் நான் என்னன்னு சொல்றது? ஞாயித்துக்கிழமை என் கொடி காலியா இல்லைன்னா? நாளைக்கு இந்தப் பேச்சு சர்ச்சுக்கு எனக்கு முன்னாடி போய் உக்காந்திருக்கும். அதுவும் பெகி காதுல விழுந்தா..."

"விழுந்தாகணும்மா," என்றாள் மர்டினா. "நீங்க மாப்பிள்ளைக்குச் சொந்தமாகப் போற ஆளு. உங்க ஒரு வாயை வெச்சு ரான்கின் நம்பமாட்டார். நம்ம நாட்டுச் சட்டத்துக்கு ரெண்டு சாட்சி வேணும். அந்த ரெண்டாவது சாட்சி உங்களைப் பிடிக்காத ஆளா இருந்தா இன்னும் நல்லது."

வெளியே மழை சட்டென்று நின்றிருந்தது. பஸ்ஸின் ஹாரன் தூரத்து மேட்டில் கேட்டது.

கென்னத்தினா எழுந்தாள். கொக்கியிலிருந்து திருக்கையை உருவினாள். பூனைகள் மூன்றும் எழுந்தன.

*

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவள் பெகியின் கதவைத் தட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை என் கொடியில என்ன பாத்தே?"

பெகி கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். "நான் ஏன் உன் கொடியைப் பாக்கணும்?"

"நீ பாக்காத நாள் ஏது?"

"ஞாயித்துக்கிழமை ஜன்னல்ல நின்னு அடுத்த வீட்டை வேடிக்கை பாக்கறவளா நான்? அதைப் பாத்தேன்னு சொன்னா இதையும் ஒத்துக்கணுமே!"

"அதனாலதான் காலையில சொல்லலையா?" என்று கேட்டாள் மர்டினா.

"நீங்க துணியைத்தானே கேட்டீங்க? மீனை யார் கேட்டா?"

மேட்டிலிருந்து பஸ் இறங்க ஆரம்பித்தது. கென்னத்தினா பஸ்ஸைப் பார்த்தாள். வேலியோரம் நின்ற மகளைப் பார்த்தாள். முழுங்கக் கஷ்டமான எதையோ முழுங்கினாள்.

"கிடக்க விட்டாலும் பாவம்னு உன்னைச் சொன்னேன். நானும் கிடக்க விட்டேன். அதை ரான்கின் முன்னாடி சொல்லப் போறேன். நீ பாத்ததை நீ சொல்லு. அந்தப் பையன் கோர்ட்டுக்குப் போறான், பெகி."

பெகி அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். எதற்கோ காத்திருப்பது போலிருந்தது.

"தயவு செஞ்சு," என்றாள் கென்னத்தினா.

"இரு," என்றாள் பெகி. "தொப்பி போட்டுக்கிட்டு வரேன்."

*

ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் ரான்கின் காலமைக் கைவிலங்கோடு வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் மேஜையில் சொத்தென்று ஒரு திருக்கை வந்து விழுந்தது. டீ தெறித்தது.

"இதென்ன கர்மம்?"

"என் ஜட்டி," என்றாள் கென்னத்தினா.

டொர்மட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

போட்டோவையும், பூனைகளையும், சனிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தையும் மர்டினா விளக்கி முடித்தாள். ரான்கின் பெகியின் பக்கம் திரும்பினார். "நீங்களும் பாத்தீங்களா? என்னிக்கு?"

"சனிக்கிழமை இருட்டினப்புறம் இவ விளக்கைத் தூக்கிக்கிட்டு மாட்டினா. ஞாயித்துக்கிழமை காலையில பாத்தேன், மத்தியானம் பாத்தேன், சாயந்திரமும் பாத்தேன்," என்றாள் பெகி. "நாள் பூரா ஜன்னல்லதான் நின்னேன். எழுதிக்கோங்க. எழுத்துப் பெரிசா இருக்கட்டும்."

ரான்கின் எழுதினார். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். "அப்ப கல்லு ஞாயித்துக்கிழமை இருந்துச்சு. ஆனா மேனேஜர் கிராம்ப்டன் சனிக்கிழமையே ஓட்டையைப் பாத்தேன்னாரே. கண்ணாலயே பாத்தேன்னாரே!"

"நானும் அதையேதான் யோசிக்கறேன்," என்றாள் மர்டினா. "கல்லு இருக்கும்போதே ஓட்டையைப் பாக்க ஒருத்தராலதான் முடியும் சார். ஓட்டை போடப் போறவரால."

ரான்கின் பேனாவைக் கீழே வைத்தார். பெகிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"திங்கட்கிழமையில இருந்து எஸ்டேட் ஜீப்பு ஏதோ பாரத்துல பின்பக்கம் தரையோட உரசிக்கிட்டுத்தான் போகுது. அதையும் ஜன்னல்ல இருந்துதான் பாத்தேன்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா!"

"ஜீப்பைப் பத்தியும் யாரும் கேக்கலை."

ரான்கின் தொப்பியை எடுத்தார், இன்னொரு விலங்கை எடுத்தார், சாவியைக் காலம் கையிலேயே கொடுத்துவிட்டு ஓடினார். அவர் வண்டி சேறு வாரி இறைத்துக்கொண்டு எஸ்டேட் பக்கம் திரும்பியது.

காலம் தன் கைவிலங்கைத் தானே திறந்துகொண்டான். நெடுநெடுவென்று வளர்ந்த பையன். செம்பட்டைத் தாடி. வாசலுக்கு அந்தப் பக்கம் டோலினா நிற்பது தெரிந்தது. ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு கென்னத்தினா நின்றாள்.

"நாலு பேர் முன்னாடி உன்னைத் திருடன்னு சொன்னேன்."

"பரவாயில்லைம்மா, நீங்க..."

"குறுக்கே பேசாதே. நாலு பேர் முன்னாடி சொன்னதை நாலு பேர் முன்னாடியே திருப்பி எடுக்கணும். இங்கே நாலு பேர் இருக்காங்க, எண்ணிட்டேன். நீ திருடன் இல்லை. எனக்குத்தான் புத்தி இல்லை. வெள்ளிக்கிழமை கல்யாணம்."

காலமின் முகம் மலர்ந்தது. நகரப் பார்த்தான். கென்னத்தினா நகரவில்லை.

"இந்தத் தாடியை எடுத்துட்டு வரணும்."

"டோலினாவுக்குத் தாடி பிடிக்குமே."

"எனக்குப் பிடிக்காது."

காலம் வாசலைப் பார்த்தான். அவள் தோளுக்கு மேல் தெரிந்த டோலினாவைப் பார்த்தான். தாடியை ஒரு தடவை தடவிக்கொண்டான்.

"எடுத்துடறேன், அத்தை."

கென்னத்தினா வழி விட்டாள்.